செஸ்னாவை டிராக்டரில் இழுக்கலாமா? பிரேக் யார் காலில் இருக்கணும்?

பாலிடெக்_செம்மண் கேட்டது:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக் பட்டறை. பறப்பதை நிறுத்திய பழைய செஸ்னா 172 சிறு விமானம் ஒன்று மாணவர் பயிற்சிக்காக நிற்கிறது. இறக்கை மாட்டியாகிவிட்டது, இன்ஜின் உள்ளேயே இருக்கிறது. இதைப் பட்டறையிலிருந்து புதுக் கொட்டகைக்குக் கொண்டுபோகணும், சுமார் 400 மீட்டர். பாதை முழுக்கச் செம்மண். நடுவில் 12 மீட்டர் அகலத்தில் ஒரு கேட். கேட்டைத் தாண்டியதும் ஊருணிப் பக்கமாகச் சரிவு, 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும்.

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிடலாம், உள்ளே ஒருத்தர் உட்கார்ந்து பிரேக் பிடித்துக்கொள்வார் என்று பேச்சு. ஆனால் இடது பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. கொட்டகையில் நிறுத்தினபிறகு பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டால் போதுமா என்றும் சொல்லுங்கள். பையன்கள் சிலர் அடுத்த வருஷம் மதுரை, திருச்சி விமான நிலையங்களில் தரைப்பணிக்குப் போக நினைக்கிறார்கள். பெரிய விமானத்தில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்கும் உதவும்.

---

ஹேங்கர்_மதுரை பதில்:

சார், முதலில் கயிற்றை மறந்துவிடுங்கள். கயிறு இழுக்கும், தடுக்காது. சரிவில் டிராக்டர்காரர் பிரேக் போட்டதும் கயிறு தொய்ந்துவிடும், விமானம் புரொப்பெல்லரோடு போய் டிராக்டர் முதுகில் முட்டும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர் பதறி மிதித்தால், உங்கள் இடது பெடல் இருக்கிற லட்சணத்துக்கு வலது சக்கரம் மட்டும்தான் பிடிக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பி முன்சக்கரத்தை முறுக்கிவிடும்.

உண்மையில் டிராக்டரே வேண்டியதில்லை. 172இன் காலி எடை மாடலைப் பொறுத்து சுமார் 600 முதல் 750 கிலோ. நீங்கள் சொன்ன சரிவில் அது கீழே இழுக்கிற விசை ஏறக்குறைய 35 கிலோதான். கையால் பிடிக்கிற டோ பாரை (இழுகம்பி) முன்சக்கர ஃபோர்க்கின் இருபக்க முளைகளில் மாட்டி ஒருவர் திசை திருப்ப, இரண்டு பக்கமும் இறக்கை ஸ்ட்ரட்டின் (இறக்கையைத் தாங்கும் சாய்கம்பி) அடிப்பகுதியில் இரண்டிரண்டு பேர் தள்ளினால் சமதரையில் போய்விடும். சரிவுக்கு மட்டும் இரண்டு மெயின் சக்கரக் கால்களிலும் தாழ்வாக, அச்சுக்கு அருகில், காலுக்கொரு கயிறு கட்டிப் பின்னாலிருந்து நாலு பேர் பிடித்துவரட்டும். கட்டும்போது காலை ஒட்டி இறங்கும் பிரேக் குழாயைக் கயிறு நசுக்காமல் பாருங்கள். அது மெல்லிய குழாய், நசுங்கினால் இருக்கிற பிரேக்கும் போச்சு.

முன்சக்கரத்தை நேர்கோட்டிலிருந்து இருபக்கமும் 30 டிகிரிக்கு மேல் திருப்பக்கூடாது. கையால் தள்ளும்போது தடை தட்டுவது கைக்கே தெரியும். டிராக்டருக்குத் தெரியாது, அது திருப்பிக்கொண்டே போகும். தடை உடைந்து ஸ்டீரிங் கம்பிகள் வளைந்தபிறகுதான் சத்தம் கேட்கும். டிராக்டரில் டோ பார் மாட்ட வேண்டாம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கிளம்புவதற்கு முன்னால் ரட்டர் (வாலில் திசை திருப்பும் பலகை) பூட்டு போட்டிருந்தால் கழற்றுங்கள். 172இல் முன்சக்கரமும் ரட்டரும் ஸ்பிரிங் வழியாக ஒன்றோடொன்று இணைந்தவை. பூட்டோடு முன்சக்கரத்தைத் திருப்பினால் பூட்டு, ரட்டர், இணைப்பு மூன்றில் எது பலவீனமோ அது போகும். சாவியை எடுத்து ஒருவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும், மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) பிடியை முழுக்க இழுத்து விடுங்கள். மேக்னெட்டோவின் (பிளக்குக்கு மின்பொறி தரும் கருவி) எர்த் கம்பி அறுந்திருந்தால், சாவி இல்லாவிட்டாலும் புரொப்பெல்லரைத் திருப்பினால் இன்ஜின் ஒரு உதை உதைக்கும். ஸ்பார்க் பிளக் கம்பிகளைக் கழற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை. அப்படியும் புரொப்பெல்லரையோ அதன் மூக்குக் கூம்பையோ பிடித்துத் தள்ள வேண்டாம். வால் இறக்கையையும் தொட வேண்டாம், அங்கே ரிவெட் இளகுவது வெளியில் தெரியாது. முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்ப வேண்டியிருந்தால், செங்குத்து வாலுக்குச் சற்று முன்னால், உள்ளே சட்டம் இருக்கிற ரிவெட் வரிசையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள்.

டயர் காற்றையும் பாருங்கள். பழைய 172 என்றால் முன்சக்கரம் 31, மெயின் 29 பிஎஸ்ஐ. பிந்தைய மாடல்களில் மாறும், கையேட்டில் இருக்கும். முன்கால் ஸ்ட்ரட்டுக்கு (அதிர்வு தாங்கும் குழல்) 45. ஸ்ட்ரட் இறங்கிப்போய் உட்கார்ந்திருந்தால் புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் ஒரு அடிகூட இருக்காது. ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கினால் நுனி மண்ணைக் கிளறும். பாதையைப் பெருக்கிவிட்டு ஆரம்பிப்பது நல்லது, சீமைக்கருவேல முள்ளுக்கு டியூப் டயர் என்றால் கொள்ளைப் பிரியம்.

---

நட்டு_போல்ட்டு_தேவகோட்டை பதில்:

மேலே அண்ணன் சொன்னதோட முட்டுக்கட்டையையும் சேர்த்துக்கிடுங்க. குன்றக்குடித் தேர் இழுக்குறதைப் பார்த்திருப்பீங்கல்ல? வடம் பிடிக்கிறவங்க ஆயிரம் பேர் இருக்கலாம், தேரை நிறுத்துறது சக்கரத்தோட கூடவே நடக்கிற முட்டுக்கட்டைக்காரங்கதான். அதே முறைதான் இங்கேயும். மெயின் சக்கரம் ரெண்டுக்கும் ஆளுக்கு ஒருத்தர், கையில கட்டையோட, சக்கரத்துக்கு வெளிப்பக்கமா நடந்து வரணும். சரிவுல கட்டை போகவேண்டிய இடம் சக்கரத்துக்கு இறக்கப் பக்கம். கட்டைக்கு ஒரு மீட்டர் கைப்பிடியோ கயிறோ இருக்கணும், குனிஞ்சு கையால வைக்கிற வேலையே ஆகாது. ரெண்டு கட்டையும் ஒரே நேரத்துல விழணும். ஒண்ணு மட்டும் விழுந்தா வண்டி அந்தப் பக்கமாச் சுழலும்.

கட்டை முக்கோணமா, 10 சென்டிமீட்டர் உயரம் போதும். பழைய வீட்டை இடிச்ச பர்மா தேக்குத் துண்டு காரைக்குடியில கிடைக்காத பொருளா? அதுல செதுக்கினா உங்க பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்.

இப்ப அந்தப் பஞ்சுப் பெடல். 90 சதம் லைன்ல ஏர் நிக்குது. கார் மாதிரி மேலேருந்து மிதிச்சு மிதிச்சு ஏர் எடுக்காதீங்க, இதுல நேரம்தான் போகும். இதுக்குக் கீழேருந்து மேலே ஏத்தணும். சக்கரத்துப் பிரேக் சிலிண்டர்ல இருக்கிற ஏர் நிப்பிள்ல சுத்தமான ஆயில் கேனோட குழாயைச் சொருகி, குழாயிலேயே குமிழி இல்லாமப் பார்த்துட்டு, நிப்பிளைத் திறந்து மெதுவா அமுக்குங்க. பைலட் பெடலுக்குக் கீழ இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் வழியா ஆயிலும் குமிழியும் மேலே வரும். குமிழி நின்னதும் நிப்பிளை மூடுங்க. மேலே ஒரு ஆள் பழந்துணியோட நிக்கணும், இல்லைன்னா தரை விரிப்பெல்லாம் சிவப்பாயிடும்.

சிவப்புன்னு சொன்னதுதான் விஷயம். இதுக்கு 5606ன்னு வர்ற சிவப்பு மினரல் ஹைட்ராலிக் ஆயில் மட்டும்தான். கடையில கிடைக்குதேன்னு டாட் 3, டாட் 4 கார் பிரேக் ஆயிலை ஊத்தினா உள்ளே இருக்கிற ரப்பர் ரிங் எல்லாம் ஊறி உப்பி, ஒரு வாரத்துல பிரேக் ஒட்டிக்கிட்டு விடாது, இல்லைன்னா ஒழுகும். யாராவது முன்னாடியே ஊத்தியிருந்தா, ஆயிலை மாத்தினா மட்டும் பத்தாது. எல்லா ரப்பரையும் மாத்தணும்.

ஏர் எடுத்தும் பெடல் மெதுவா இறங்கிட்டே போனா அது ஏர் இல்லை, மாஸ்டர் சிலிண்டர் ஓ-ரிங். வெளியே ஒழுக்கே தெரியாது. பிரேக் பேட் கனம் 2.4 மில்லிக்குக் கீழ போயிருந்தா மாத்துங்க. ரொம்ப நாள் நின்ன வண்டின்னா டிஸ்க்ல துரு ஏறியிருக்கும், அது கையால தள்ளும்போதே கரகரன்னு சொல்லிடும்.

---

பாலிடெக்_செம்மண்:

ரொம்ப நன்றி. ஆயில் கேனைத் திறந்து பார்த்தேன், சிவப்புத்தான். நிம்மதி. ஒரு சந்தேகம்: ஆள் தள்ளி, கயிறு பிடித்து, கட்டையும் போட்டால், உள்ளே ஒருத்தர் எதற்கு? அவர் எப்போது மிதிக்கணும்?

---

ஹேங்கர்_மதுரை:

நல்ல கேள்வி, பல பேர் சறுக்குகிற இடம் இது. உள்ளே இருப்பவர் கடைசித் தடை. இழுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வேகத்தைக் குறைப்பது அவர் வேலை இல்லை. அது முன்னால் டோ பார் பிடிப்பவர், கயிறு பிடிப்பவர் வேலை. இரண்டு இடத்தில் பிரேக் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், நடுவில் மாட்டிக்கொள்வது முன்கால்.

அவர் குதிகால் தரையில் இருக்கட்டும். பெடலின் கீழ்ப்பாகம் ரட்டருக்கும் முன்சக்கரத்துக்கும் போகிறது, மேல்பாகம் மட்டும்தான் பிரேக். காலைப் பெடல்மேல் வைத்துக்கொண்டே வந்தால், டோ பார் ஒரு பக்கம் திருப்ப இவர் கால் எதிர்ப்பக்கம் தள்ளும். "நிறுத்து" என்ற சத்தம் கேட்டால், அல்லது டோ பார் கழன்றுவிட்டால், அப்போது இரண்டு காலையும் மேலே தூக்கி, இரண்டு பெடலையும் சமமாக, ஆனால் படிப்படியாக அழுத்த வேண்டும். நகர்த்துவதற்கு முன் நின்ற இடத்திலேயே ஒரு தரம் மிதித்து, வெளியிலிருந்து தள்ளிப் பார்த்து, இரண்டு சக்கரமும் பிடிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிடிக்காத பிரேக்கை நம்பி ஓர் ஆளை உள்ளே உட்காரவைப்பதைவிட, ஆளே இல்லாமல் கூடுதலாக ஒரு கட்டைக்காரரை வைப்பது நல்லது.

கட்டளை ஒரே ஆளிடமிருந்து வரணும். ஆனால் "நிறுத்து" மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னால் ஏன் என்று கேட்காமல் நிற்க வேண்டும்.

---

ஏப்ரன்_திருச்சி பதில்:

பையன்களுக்காகப் பெரிய விமானத்தின் பக்கத்தைச் சொல்கிறேன். அடிப்படை ஒன்றுதான், எண்கள்தான் மாறும்.

காக்பிட்டில் உட்காருபவர் முதலில் பார்ப்பது பிரேக் அக்குமுலேட்டர் அழுத்தம். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு இருக்கிற ஒரே சேமிப்பு அதுதான். போயிங் 737இல் சாதாரணமாக 3000 பிஎஸ்ஐ காட்டும். முள் 1000இல் நின்றால் ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கக்கூடாது. 1000 என்பது உள்ளே அடைத்த நைட்ரஜனின் அழுத்தம். அதாவது ஆயில் அழுத்தம் எதுவுமே இல்லை, மிதித்தால் ஒன்றும் நடக்காது. முழுக்க நிறைந்திருந்தால் 737இல் ஆறு தடவை, ஏர்பஸ் ஏ320இல் குறைந்தது ஏழு தடவை முழுதாக மிதிக்கலாம். குறைந்திருந்தால் எலக்ட்ரிக் பம்ப் போட்டு ஏற்றிவிட்டுத்தான் இழுப்பு; ஏ320இல் அது மஞ்சள் சிஸ்டம் பம்ப். ஏ320இல் அக்குமுலேட்டர் அழுத்தத்தில் மிதிக்கும்போது ஆன்ட்டிஸ்கிட் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யாது, 1000 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் அளந்து மிதிக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் தேயும்.

அடுத்தது பைபாஸ் பின். முன்சக்கர ஸ்டீரிங்குக்குப் போகும் ஹைட்ராலிக் அழுத்தத்தை இது துண்டிக்கிறது. பின் இல்லாமல் டோ பார் மாட்டியிருக்கும்போது யாராவது பம்ப்பை ஓடவிட்டால் முன்சக்கரம் தானாகத் திரும்பும். டோ பாரின் மறுமுனை பக்கத்தில் நிற்பவர் காலை முறித்துவிடும். இறங்குகால் பூட்டுப் பின்கள் வேறு, இது வேறு. பையன்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டிலும் சிவப்பு ரிப்பன் தொங்குவதுதான் வினை.

டோ பாரின் தலையில் ஷியர் பின்கள் இருக்கும். அளவுக்கு மீறி இழுத்தாலோ முறுக்கினாலோ முன்கால் உடைவதற்குப் பதிலாக அவை உடையும். உடைந்தால் அவசரத்துக்குக் கையில் கிடைத்த ஹை டென்சில் போல்ட்டைப் போடுவது இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். அடுத்த முறை உடைவது பல கோடி ரூபாய் முன்கால். திருப்பும் எல்லை 737இல் 78 டிகிரி. அதற்கு மேல் போகணுமென்றால் முன்காலின் டார்ஷன் லிங்கை (சக்கரத்தை ஸ்டீரிங்கோடு இணைக்கும் கத்திரி மாதிரியான இணைப்பு) கழற்ற வேண்டும். ஏ320இல் 95. இரண்டிலும் முன்கால் கதவில் சிவப்புக் கோடு இருக்கும், டக் (இழுவை வண்டி) ஓட்டுநர் கண் அதில் இருக்க வேண்டும்.

புஷ்பேக் (விமானத்தைப் பின்னோக்கித் தள்ளுவது) நடக்கும்போது காக்பிட்டில் இருப்பவர் பிரேக்கைத் தொடக்கூடாது. விமானம் பின்னோக்கிப் போகும்போது சட்டென்று மிதித்தால் பாரம் பின்னால் சாயும், முன்சக்கரம் தூக்கும், பின்பாரம் அதிகமாக இருந்தால் வால் தரையைத் தொடும். டோ பார் உடைந்தால்கூட மெதுவாகத்தான் மிதிக்கணும்.

நின்றபிறகு கழற்றும் வரிசை முக்கியம். திருப்பத்திலேயே நிறுத்தக்கூடாது. சில மீட்டர் நேராக இழுத்து முன்சக்கரத்தில் முறுக்கு இல்லாமல் செய்துவிட்டு நிறுத்த வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டாயிற்று என்று காக்பிட்டிலிருந்து பதில் வரணும், அடுத்து சாக் (சக்கர முட்டுக்கட்டை), அதற்குப் பிறகுதான் டோ பார். ஹெட்செட் இல்லாவிட்டால் கைச் சைகை: விரித்த உள்ளங்கையைத் தோளுக்கு மேல் காட்டி முஷ்டியாக மூடினால் பிரேக் போடு, மூடிய முஷ்டியை விரித்தால் பிரேக் விடு. கண்ணோடு கண் பார்த்துத்தான் காட்டணும். கிளம்பும் விமானம் என்றால், பைபாஸ் பின்னை எடுத்து பைலட்டுக்குத் தூக்கிக் காட்டி அவர் கை அசைத்தபிறகே விலக வேண்டும். எல்லாரும் விலகினார்களா என்பதை உறுதிசெய்யாமல் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 டிசம்பர் 16, மும்பை. புஷ்பேக் முடிந்து நின்ற விமானம் நகர்ந்தது, தரைப்பணியாளர் ஒருவர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார்.

தரையிறங்கி வந்த விமானத்தில் பிரேக் சூடாக இருக்கும். ஏ320இல் 500 டிகிரிக்கு மேல் இருந்தால், வேறு வழி இருக்கும்வரை பார்க்கிங் பிரேக் போடுவதில்லை, சாக் போதும். அப்படிப்பட்ட சக்கரத்துக்கு முன்பக்கமோ பின்பக்கமோதான் போகணும், பக்கவாட்டில் நிற்கவே கூடாது. வெடித்தால் ரிம் துண்டுகள் பறப்பது அந்தத் திசையில்தான். சூடு எல்லை தாண்டினால் உருகிக் காற்றை விடுகிற பிளக் சக்கரத்திலேயே உண்டு, ஆனால் அதை நம்பி நிற்க வேண்டாம்.

---

நட்டு_போல்ட்டு_தேவகோட்டை:

பார்க்கிங் பிரேக் பத்தி சார் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. 172ல அந்தக் கைப்பிடி, மிதிச்ச பிரேக்கை மிதிச்சபடியே பூட்டி வைக்குது, அவ்வளவுதான். சித்திரை வெயில்ல ஆயில் விரிஞ்சு ரப்பரை அழுத்தும், ராத்திரி குளிர்ந்தா அழுத்தம் இறங்கும். ரெண்டு நாள்ல பிரேக் இருக்கிற மாதிரியே இருக்கும், இருக்காது. நிரந்தரமா நிக்கிற வண்டிக்குப் பார்க்கிங் பிரேக்கே வேண்டாம், விட்டுடுங்க. மெயின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ரெண்டையும் கயித்தால இணைச்சு. அப்புறம் மூணு இடத்துல கட்டுங்க: ரெண்டு இறக்கையிலயும் ஸ்ட்ரட் மேல்முனைப் பக்கம் இருக்கிற வளையம், வால் வளையம். ஒவ்வொரு கயிறும் 320 கிலோவாவது தாங்கணும். மணிலாக் கயிறுன்னா நனைஞ்சா சுருங்கி இறக்கையை இழுக்கும், கொஞ்சம் தொய்வு விடுங்க. கொட்டகைக்குப் பக்கச் சுவர் இல்லைன்னா ஆடிக் காத்துக்கு முன்னாடி இதைச் செஞ்சுடுங்க. அப்பத்தான் ரட்டர் பூட்டை மறுபடி போடணும்.

---

ஏப்ரன்_திருச்சி:

சரியாகச் சொன்னீர்கள். பிரேக்கை மட்டும் நம்பியதற்குப் பெரிய சாட்சி 2007 நவம்பர் 15, துலூஸ். ஏர்பஸ் ஏ340-600 விமானம் ஒன்று, சக்கரத்துக்குச் சாக் வைக்காமல் நாலு இன்ஜினையும் அதிக விசையில் ஓட்டிச் சோதித்தார்கள். பார்க்கிங் பிரேக் போட்டுத்தான் இருந்தது. விமானம் அதையும் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் ஏறியது.

---

பாலிடெக்_செம்மண்:

கேட் பற்றியும் சொல்லிவிடுங்கள். பையன்கள் சிலர், கூட்டத்தில் தள்ளிப் பழகப் பழைய செட்டிநாடு ஓடுதளத்துக்கே கொண்டுபோகலாம் என்கிறார்கள்!

---

ஹேங்கர்_மதுரை:

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம், ஆசை புரிகிறது. ஆனால் அங்கே கொண்டுபோக இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றணும், மறுபடி மாட்டணும். தள்ளிப் பழகப் பட்டறை முன்னால் இருக்கிற சமதரை போதும், தம்பிகளிடம் சொல்லுங்கள்.

கேட்: 172இன் இறக்கை வீச்சு 11 மீட்டர், அப்படியானால் பக்கத்துக்கு அரை மீட்டர்தான். இரண்டு நுனியிலும் ஒவ்வொருவர் தூணைப் பார்த்தபடி நடக்கட்டும், மூன்றாமவர் வால் பக்கம். கேட்டுக்கு 10 மீட்டர் முன்னாலேயே விமானத்தை நேராக்கிவிடுங்கள், தூணுக்கு நடுவில் வந்து திருத்தினால் வெளிப்பக்க நுனி வீசும். தரையில் நடுக்கோட்டைச் சுண்ணாம்பில் போட்டு முன்சக்கரம் அதிலேயே போகட்டும். மெயின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் இரண்டரை மீட்டர் என்பதால், ஒரு சக்கரம் 5 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால் அந்தப் பக்க இறக்கை நுனி ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் தாழும். தூணுக்கு மேலே விளக்கோ வளைவோ இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள், வால் உச்சி 2.72 மீட்டர். கேட்டுக்கு இரண்டு பக்கமும் சக்கரத்தடத்தில் குழிகளைக் கிராவல் போட்டுக் கெட்டித்துவிட்டு, மழை இல்லாத நாளாகப் பாருங்கள். கேட்டைத் தாண்டியதும் நிறுத்திக் கட்டையைப் போடுங்கள். சரிவுக் கயிறுகளைக் கட்டி நாலு பேரும் இழுத்துப் பிடித்தபிறகு கட்டையை எடுங்கள்.